நீமோ மீன் குஞ்சை வீட்டில் வளர்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? முதல் 10 நாளில் நடப்பது என்ன?

தொட்டியில் இருக்கும் கோமாளி மீன் ஜோடி, மண்சட்டியின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைக்கிறது. ஆண் மீன் ராப்பகலாக அதைக் காவல் காக்கிறது. எட்டாம் நாள் இரவு முட்டை பொரிந்து, கண்ணாடி ஊசி மாதிரி சில நூறு குஞ்சுகள் நீந்துகின்றன. மூன்றாம் நாள் காலையில் பாதியைக் காணோம். ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை.

கடல் மீன் வளர்க்கத் தொடங்கும் பலரின் வீட்டில் நடப்பது இதுதான். தண்ணீர் கெட்டுவிட்டதா, நோய் வந்துவிட்டதா என்று தேடுவார்கள். பெரும்பாலும் காரணம் ரொம்ப எளிமையானது. பட்டினி.

உணவு போடாமல் இருந்திருக்க மாட்டார்கள். கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தைப் பொடித்து, தூளாக்கித் தூவியிருப்பார்கள். ஆனா அந்தக் குஞ்சுக்கு அது உணவாகவே தெரியாது. அதற்குத் தேவை தன் கண் முன்னால் அசையும், தன் வாய்க்குள் நுழையும் அளவுள்ள ஓர் உயிர். அதை யாரும் முந்தைய நாள் போய் வாங்கி வர முடியாது. வாரக்கணக்கில் முன்கூட்டியே வீட்டில் வளர்த்து வைத்திருக்க வேண்டும்.

அது என்ன உயிர், எப்படி வளர்ப்பது, இதெல்லாம் எதற்கு என்று பார்ப்போம்.

கப்பி ஈஸி, நீமோ ஏன் அப்படி இல்லை?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பு வீட்டுத் தொழில். கப்பி, மோலி, ஃபைட்டர், ஏஞ்சல் எல்லாம் மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் சிமென்ட் தொட்டி கட்டி வளர்க்கப்படுகின்றன. இவை எல்லாம் நன்னீர் மீன்கள்.

கப்பியும் மோலியும் குட்டி போடும் இனங்கள். பிறந்த அன்றே குட்டி நன்றாக நீந்தும், வாயும் பெரிது. பொடித்த தீவனத்தையே சாப்பிட்டுப் பிழைத்துக்கொள்ளும்.

கடல் மீன்களின் வழி வேறு. நிறைய முட்டை, ஒவ்வொன்றும் மிகச் சிறியது. பொரியும் குஞ்சு முழு மீன் கிடையாது. துடுப்பு முழுசாக வந்திருக்காது, வயிற்றுக்குள் செரிமான உறுப்புகளும் வளர்ந்து முடிந்திருக்காது. நீமோ என்று நம் ஊரில் அழைக்கப்படும் கோமாளி மீனின் குஞ்சு, பொரியும்போது 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். முட்டையில் இருந்து கொண்டுவந்த கருவுணவு கொஞ்சமே மிச்சம் இருக்கும். அது தீர்வதற்குள் வேட்டையாடக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

கடலில் பிரச்சினை இல்லை. அங்கே ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரும் மிதவை உயிர்களின் பந்தி. வீட்டுத் தொட்டித் தண்ணீரோ ஃபில்டர் போட்டுச் சுத்தம் செய்தது. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும். குஞ்சைப் பொறுத்தவரை அது பாலைவனம்.

கடலில் பிடித்தே விற்றால் என்ன?

இத்தனை ஆண்டுகளாக நடப்பது அதுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, அலங்காரத் தொட்டிகளுக்காக உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரை கடல் மீன்கள் விற்பனையாகின. சுமார் 1,471 இனங்கள். நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை. கடல் வண்ண மீன்களிலோ பெரும்பகுதி பவளப் பாறைகளில் பிடிக்கப்பட்டவை.

பிடிக்கும் விதமும் சிக்கல். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பகுதிகளில் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கி வெளியே வரும் மீனைப் பிடிக்கும் பழக்கம் பல காலமாக இருந்தது. அதில் சுற்றியுள்ள பவளமும் சாகும். பிடிபட்ட மீனும் சில வாரங்களில் தொட்டியில் சாகும்.

அதனால்தான் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு மதிப்பு. தொட்டியில் பிறந்த ஒவ்வொரு நீமோவும், கடலில் இருந்து எடுக்கப்படாத ஒரு மீன். அது தொட்டித் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் பழகியது என்பதால் வாங்குபவர் வீட்டிலும் நன்றாகப் பிழைக்கும்.

விஷயம் இவ்வளவும் அளவில்தான் இருக்கிறது

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் தோராயமாக 70, 80 மைக்ரான். இதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வரிசையைப் பாருங்கள்.

நானோகுளோராப்சிஸ் என்ற நுண்பாசி: 2 முதல் 4 மைக்ரான்.

ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்: தோராயமாக 100 முதல் 300 மைக்ரான்.

ஆர்ட்டீமியா என்ற உப்பளத்து இறாலின் புதிதாகப் பொரிந்த குஞ்சு: 400 முதல் 500 மைக்ரான்.

நீமோ குஞ்சு முதல் வாரத்தில் விழுங்கக்கூடியது இந்த வரிசையில் நடுவில் இருப்பதை. அதாவது ரோட்டிஃபர். அந்த ரோட்டிஃபர் சாப்பிடுவது நுண்பாசியை. ஒரு வாரம் கழித்து குஞ்சின் வாய் பெரிதானதும் ஆர்ட்டீமியா.

ஆக, நீமோ குஞ்சு வளர்க்கிறவர் உண்மையில் மூன்று பண்ணை நடத்துகிறார். பாசிப் பண்ணை, ரோட்டிஃபர் பண்ணை, கடைசியில்தான் மீன் பண்ணை. இதில் முதல் இரண்டில் ஒன்று படுத்தாலும் மூன்றாவது காலி.

முதல் பண்ணை: பச்சைத் தண்ணி

நுண்பாசி வளர்க்கப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், ஏர் பம்ப், மெல்லிய குழாய், ஒரு எல்.இ.டி. டியூப்லைட் போதும்.

கடல் மீன் தொட்டிக்கென விற்கும் செயற்கைக் கடல் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 25 கிராம் அளவில் கரைக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது, கடல் நீரில் இருக்கும் மற்ற தாதுக்கள் அதில் இல்லை. அந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆற விட வேண்டும். ஏற்கெனவே பாசி வளர்ப்பவரிடமோ ஆய்வு மையத்திடமோ வாங்கிய தாய்ப்பாசியை பாட்டிலில் கால் பங்கு ஊற்றி, உரம் சில சொட்டு விட்டு, குமிழி ஓட விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் கரும்பச்சை ஆகிவிடும்.

உரம் என்றால் செடிக்குப் போடும் உரம் அல்ல. உலகம் முழுக்கப் பயன்படுவது எஃப்/2 என்ற கலவை. கில்லார்டு, ரைதர் என்ற இரு விஞ்ஞானிகள் 1962-ல் உருவாக்கிய எஃப் கலவையின் பாதி அடர்த்தி என்பதால் அந்தப் பெயர். நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு உள்ளிட்ட நுண்சத்துகள், சில வைட்டமின்கள் இதில் உண்டு.

இங்கே முக்கியமான எதிரி, அடுத்த பண்ணையின் ரோட்டிஃபர்தான். ரோட்டிஃபர் தொட்ட கையால் பாசி பாட்டிலைத் தொட்டால், ஒரே ஒரு சொட்டு போதும். சில நாளில் பாசியை எல்லாம் தின்று தண்ணீரை வெளிற வைத்துவிடும். அதனால் இரண்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. குழாய், புனல், வடிகட்டி எல்லாம் தனித்தனி. வேலையும் எப்போதும் பாசியில் தொடங்கி ரோட்டிஃபரில் முடிய வேண்டும், திருப்பிச் செய்யக் கூடாது.

தமிழ்நாட்டில் இன்னொரு எதிரி வெயில். மே மாத மொட்டை மாடி அறையில் பாசி ஒரே நாளில் மஞ்சளாகிச் செத்துப்போகும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வைப்பது நல்லது. ஒரு பாட்டில் நல்ல பாசியை ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் ஒரு முறை குலுக்கி வைத்தால் ஓரிரு வாரத்துக்கு அது இன்ஷூரன்ஸ்.

இரண்டாவது பண்ணை: ரோட்டிஃபர்

ரோட்டிஃபருக்குத் தலையில் வட்டமாக மெல்லிய மயிரிழைகள் உண்டு. அவை அசையும்போது சக்கரம் சுற்றுவது போலத் தெரியும். பெயரும் அதில் இருந்து வந்ததுதான். அந்தச் சுழற்சியால் தண்ணீரில் இருக்கும் பாசியை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். மெதுவாக, ஒரே சீராக நீந்தும். வேட்டை தெரியாத குஞ்சுக்கு இதைவிட வசதியான இரை கிடையாது.

சுவாரஸ்யம் என்னவென்றால், ஜப்பானில் 1950-களில் விலாங்கு மீன் குளங்களில் இது ஒரு தொல்லையாகத்தான் பார்க்கப்பட்டது. பிறகுதான் கடல் மீன் குஞ்சுகளுக்கு இது நல்ல முதல் உணவு என்று அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். இன்று உலகின் பல கடல் மீன் குஞ்சு பொரிப்பகங்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

பெருகும் வேகம்தான் இதன் பலம். சாதாரண சூழலில் பெண் ரோட்டிஃபர் ஆணே இல்லாமல் முட்டை இடும். பிறந்த ஒன்றரை நாளுக்குள் அந்தக் குஞ்சும் முட்டை இடத் தயார்.

வளர்க்க ஒரு 20 லிட்டர் பக்கெட் போதும். உப்பு லிட்டருக்கு 20 முதல் 25 கிராம், வெப்பம் 25 முதல் 28 டிகிரி. காற்று மெதுவாக, பெரிய குமிழியாக வர வேண்டும். ஏர் ஸ்டோன் போட்டுப் பொடிக் குமிழி விடக் கூடாது. தினமும் பச்சைத் தண்ணி ஊற்றி, பக்கெட் இளம்பச்சையாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வெளிறிவிட்டால் ரோட்டிஃபர் பசியில் இருக்கிறது என்று அர்த்தம்.

அறுவடை தினமும் உண்டு. பக்கெட்டில் கால் பங்கை 50 மைக்ரான் அளவுள்ள வலைத்துணியில் வடிகட்டி, சுத்தமான உப்புநீரில் அலசி எடுக்க வேண்டும். எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீரும் பாசியும் ஊற்ற வேண்டும். மீன் குஞ்சு இல்லாத நாளிலும் இதை நிறுத்தக் கூடாது. அறுவடை செய்யாமல் விட்டால் கூட்டம் அதிகமாகி, கழிவு சேர்ந்து, மொத்தமும் ஒரே ராத்திரியில் சரியும்.

ஒரு சின்ன கணக்கு

எவ்வளவு ரோட்டிஃபர் வேண்டும்? குஞ்சுத் தொட்டியில் ஒரு மில்லி தண்ணீருக்கு சுமார் 10 ரோட்டிஃபர் இருக்க வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவு. தொட்டி 20 லிட்டர் என்றால் 20,000 மில்லி. பத்தால் பெருக்கினால் 2 லட்சம் ரோட்டிஃபர். அது முதல் நாளுக்கு மட்டும். குஞ்சுகள் தின்னத் தின்ன நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

நன்றாக வளர்ந்த பக்கெட்டில் மில்லிக்கு 100 ரோட்டிஃபர் இருக்கும். 20 லிட்டரில் 20 லட்சம். தினம் கால் பங்கு எடுத்தால் 5 லட்சம். கணக்கு இப்போது சரியாக வருகிறது. இந்த நிலைக்கு வர ஒரு பக்கெட்டுக்கு இரண்டு வாரம் ஆகலாம். முட்டை பொரிய ஆவதோ ஒரு வாரம். முட்டையைப் பார்த்த பிறகு ரோட்டிஃபர் வாங்கக் கிளம்புபவர் ஏற்கெனவே லேட்.

எண்ணுவது எப்படி? ஒரு மில்லி தண்ணீரைச் சிறு சிரிஞ்சில் எடுத்து, கறுப்புத் தட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் நகர்வது தெரியும். வால் பக்கம் முட்டையைச் சுமந்தபடி நிறைய நீந்தினால் பண்ணை நன்றாக இருக்கிறது. முட்டை சுமப்பவை குறைந்து, நீச்சல் மந்தமாகி, மேலே நுரையும் வாடையும் வந்தால் அது சரிவின் அறிகுறி. அன்றே சுத்தமான பக்கெட்டுக்கு மாற்ற வேண்டும். அனுபவசாலிகள் இன்னொரு சிறு பக்கெட்டை வேறு அறையில் எப்போதும் ரிசர்வாக வைத்திருப்பார்கள்.

வயிறு நிறைந்தும் சாகுமா?

சாகும். இதுதான் பலர் தவறவிடும் இடம். ரோட்டிஃபர் ஒரு வெறும் பை மாதிரி. அது என்ன தின்றதோ, அதுதான் மீன் குஞ்சுக்குப் போய்ச் சேரும். செலவு குறைவு என்று பேக்கரி ஈஸ்ட் போட்டு வளர்த்தால் ரோட்டிஃபர் பெருகும். ஆனா அதில் சத்து இருக்காது.

கடல் மீன் குஞ்சின் மூளையும் கண்ணும் நரம்பும் வளர டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. என்ற கொழுப்பு அமிலங்கள் தேவை. இவற்றைக் கடல் மீன்களால் தேவையான அளவு தாமே தயாரித்துக்கொள்ள முடியாது, உணவில்தான் கிடைக்க வேண்டும். நானோகுளோராப்சிஸ் பாசியில் ஈ.பி.ஏ. நிறைய. ஐசோகிரைசிஸ் என்ற பழுப்புப் பாசியில் டி.எச்.ஏ. நிறைய. அதனால் இரண்டையும் கலந்து கொடுப்பது நல்லது. மீன் குஞ்சுக்குப் போடுவதற்குச் சில மணி நேரம் முன் ரோட்டிஃபருக்கு வயிறு முட்டப் பாசி கொடுத்துவிட வேண்டும்.

முட்டை முதல் குஞ்சு வரை

கோமாளி மீன் ஜோடி சேர்ப்பது கஷ்டமில்லை. இரண்டு இளம் மீனை ஒன்றாக விட்டால், பெரியது பெண்ணாக மாறும், சிறியது ஆணாக இருக்கும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறும். ஆனா முட்டை வைக்க மாதக்கணக்கில், சில ஜோடிக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகும். கடல் சாமந்தி இல்லாமலே சட்டியிலும் ஓட்டிலும் முட்டை வைக்கும். நறுக்கிய இறால், கணவாய், மட்டிச் சதை கொடுத்துத் தேற்ற வேண்டும். பழகிய ஜோடி மாதம் இரண்டு முறை வரை முட்டை வைக்கும். முதல் சில முறை பெற்றோரே முட்டையைத் தின்றுவிடுவது சகஜம்.

பொரியும் நாளைக் கண்டுபிடிக்க முட்டையின் நிறமே காலண்டர். முதலில் ஆரஞ்சு, பிறகு கருமை, கடைசியில் முட்டைக்குள் கண்கள் வெள்ளியாக மின்னும். கண் மின்னினால் அன்று இரவோ மறுநாள் இரவோ பொரிப்பு. 27, 28 டிகிரி வெப்பத்தில் இதற்கு 7, 8 நாள் ஆகும். விளக்கை அணைத்து ஒன்று, இரண்டு மணி நேரத்தில் பொரியும். முழு இருட்டு அவசியம்.

அன்று மாலையே முட்டை ஒட்டிய ஓட்டை, தாய்த் தொட்டித் தண்ணீரே நிரப்பிய குஞ்சுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். அப்பா மீன் துடுப்பால் விசிறும் வேலையை இங்கே காற்றுக் குழாய் செய்ய வேண்டும். தொட்டியின் பக்கங்களில் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால் குஞ்சுகள் கண்ணாடியில் முட்டிக்கொண்டே கிடக்கும், சாப்பிடாது.

முதல் நாள் முதல் 4-ஆம் நாள் வரை: மங்கலான வெளிச்சம், இளம்பச்சைத் தண்ணீர், ரோட்டிஃபர். பச்சைத் தண்ணீர் குஞ்சுக்கு இரையைத் தெளிவாகக் காட்டும், உள்ளே இருக்கும் ரோட்டிஃபருக்கும் உணவாகும், அம்மோனியாவையும் கொஞ்சம் உறிஞ்சும்.

5 முதல் 8-ஆம் நாள் வரை: ரோட்டிஃபரை நிறுத்தாமல், கூடவே ஆர்ட்டீமியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக. தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும்.

8 முதல் 12-ஆம் நாள் வரை: உருமாற்றம். மேலே மிதந்துகொண்டிருந்த குஞ்சு கீழே இறங்கி, உடலை ஆட்டி ஆட்டி நீந்தத் தொடங்கும். தலைக்குப் பின்னால் முதல் வெள்ளைப் பட்டை வரும். அப்போதுதான் அது நீமோ மாதிரி இருக்கும்.

இந்த மூன்றாவது கட்டம் இரண்டாவது பெரிய கண்டம். டி.எச்.ஏ. குறைந்த உணவில் வளர்ந்த குஞ்சுகள், லேசான அதிர்ச்சிக்கே, திடீரென விளக்கைப் போட்டாலே துடித்துச் செத்துப்போகும். முதல் வாரம் ரோட்டிஃபருக்கு என்ன கொடுத்தோம் என்பதற்கான ரிசல்ட் இங்கேதான் வருகிறது.

இன்னொன்று அம்மோனியா. செத்த குஞ்சும் மிச்ச உணவும் அடியில் அழுகும். தினமும் மெல்லிய குழாயால் அடியை உறிஞ்சி எடுத்து, அதே அளவு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். அம்மோனியா டெஸ்ட் கிட் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஆர்ட்டீமியா: நம்ம ஊர் உப்பளத்திலும் உண்டு

தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படும் உயிர் இது. உப்பு ஏற ஏற மற்ற உயிர்கள் சாக, இது மட்டும் தாக்குப்பிடிக்கும். இதன் முட்டை உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். டப்பாவில் பழுப்புப் பொடியாக விற்பது அதைத்தான். பெரும்பகுதி அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரியில் இருந்து வருவது.

உப்புநீரில் லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் போட்டு, பலமாகக் காற்று விட்டு, 28 டிகிரியில் வெளிச்சத்தில் வைத்தால் 24 மணி நேரத்துக்குள் பொரியும். நல்ல தரமான முட்டை என்றால் ஒரு கிராமில் 2 லட்சத்துக்கு மேல் குஞ்சு கிடைக்கும்.

ஓடுகளை நீக்குவதுதான் கவனம். காற்றை நிறுத்தினால் காலி ஓடு மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே வெளிச்சம் உள்ள பக்கம் கூடும். அங்கிருந்து குழாயில் எடுக்க வேண்டும். ஓடு மீன் குஞ்சின் குடலை அடைத்துவிடும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவதும் முக்கியம். நேரம் ஆக ஆக அது தன் கருவுணவைச் செலவழித்துச் சத்தில்லாமல் போகும்.

எல்லா கடல் மீனையும் இப்படி வளர்க்க முடியுமா?

முடியாது. எது எளிது, எது கஷ்டம் என்பதையும் வாயின் அளவே தீர்மானிக்கிறது.

பாங்காய் கார்டினல் என்ற மீனில், அப்பா மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே அடைகாக்கும். வெளியே விடும்போது குஞ்சு நேரடியாக ஆர்ட்டீமியா சாப்பிடும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். ரோட்டிஃபர் பண்ணையே தேவையில்லை. முதல் முறை முயல்பவருக்கு இது நல்ல தொடக்கம். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளை மட்டுமே பூர்வீகமாகக் கொண்ட இந்த மீன், அலங்கார வர்த்தகத்துக்காக அதிகம் பிடிக்கப்பட்டதால் 2007-ல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக ஐ.யூ.சி.என். பட்டியலில் சேர்ந்தது.

எதிர்முனையில் இருப்பது 'டோரி' என்று பெயர் பெற்ற நீல டாங் மீன். இது முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடும். பொரியும்போது குஞ்சுக்கு வாயே திறந்திருக்காது. திறந்த பிறகும் ரோட்டிஃபர்கூட அதற்குப் பெரிசு. கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரியின் குஞ்சுதான் அதற்குப் பொருந்தும். ஹவாய் பசிபிக் பல்கலைக்கழகத்தின் ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் 2015-ல் மஞ்சள் டாங்கையும், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகம் 2016-ல் நீல டாங்கையும் முதன்முதலாகத் தொட்டியில் வளர்த்துக் காட்டின. பல ஆண்டு முயற்சிக்குப் பின் கிடைத்த அந்த வெற்றிக்குப் பெரிய காரணம், கோப்பிபாட் வளர்ப்பில் வந்த முன்னேற்றம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கடல் குதிரை, குழல்மீன், பவளம் ஆகியவை இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் குற்றம். யாராவது 'கடல் குதிரைக் குட்டி இருக்கு' என்று விற்றால் வாங்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே போய் மீனோ கடல் சாமந்தியோ எடுத்து வரக் கூடாது. ஜோடி மீனைப் பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்குவதே சரி.

வளர்த்த மீன் அதிகமாகிவிட்டது என்று கடலில் விடுவதும் தவறு. கடைகளில் கிடைக்கும் பல கோமாளி மீன் இனங்கள் நம் கடற்கரையைச் சேர்ந்தவை அல்ல.

இதில் வருமானம் வருமா?

வரலாம். ஆனா உடனே வராது. குஞ்சு விற்கும் அளவுக்கு வளர 3, 4 மாதம் பிடிக்கும். அதுவரை மூன்று பண்ணையும் ஓட வேண்டும். ஒரு நாள் கரன்ட் கட் ஆனால்கூட ஏர் பம்ப் நின்று, தொட்டி மொத்தமும் போய்விடலாம். பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். பத்து நாள் ஊருக்குப் போக வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன் இனப்பெருக்கத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ளவை. பயிற்சி பற்றியும் தாய்ப்பாசி, ரோட்டிஃபர் பற்றியும் அங்கே கேட்கலாம்.

2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்கும் அலகுக்கும் இடம் உண்டு. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள் மற்றும் பட்டியலின, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என வரையறுக்கப்பட்டது. இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்போ எங்கிருந்து தொடங்குவது?

பலரும் செய்யும் வரிசை: முதலில் மீன் ஜோடி, பிறகு பெரிய தொட்டி, முட்டை வந்த பிறகு குஞ்சு உணவு. இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும்.

முதல் மாதம் இரண்டு பாட்டில் பாசி மட்டும். அது சாகாமல் ஓடினால், அடுத்த மாதம் ஒரு பக்கெட் ரோட்டிஃபர். தினமும் அறுவடை செய்து, எண்ணி, ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். அந்த எண்ணிக்கை 30 நாள் குறையாமல் நின்றால் மூன்றாவது பண்ணைக்கு நீங்கள் ரெடி. இதுவரை ஆகும் செலவு ஒரு ஏர் பம்ப், ஒரு லைட், கொஞ்சம் உப்பு. நடுவில் முடியாது என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம், ஒரு மீனும் செத்திருக்காது.

முதல் பொரிப்பில் பத்துக் குஞ்சு பட்டையோடு கீழே இறங்கினாலே அது பாஸ் மார்க். மீதிக் குஞ்சு எந்த நாளில் போனது என்று அதே நோட்டில் எழுதி வைத்தால், தவறு எங்கே என்று தெரிந்துவிடும். 5-ஆம் நாளுக்குள் போனால் ரோட்டிஃபர் போதவில்லை. 10-ஆம் நாள் வாக்கில் போனால் ரோட்டிஃபருக்குக் கொடுத்த பாசியைப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அந்த ஜோடி மறுபடியும் முட்டை வைக்கும். அதற்குள் பக்கெட்டைச் சரி செய்துகொள்ளலாம்.